நடமாடும் வீட்டில் ரந்தாவ் தோட்டங்களுக்கு

பள்ளி விடுமுறை இதழுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும் என்றது ஆசிரியர் குழு. கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றுவது நம் மலேசியாவிலும் பரவிவிட்டதே, போய்வந்து எழுதினால் என்ன என்றார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு முன்மாதிரியையும் காட்டினார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு வட்டாரம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு அங்கே குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அமிஷ் மக்கள் வாழும் இடம் அது. கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குதிரை வண்டிதான். ஊர் மின்கம்பியை வீட்டுக்குள் இழுக்க மாட்டார்கள். பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். அந்த உரிமைக்காக 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றவர்கள். 1985-ல் வெளிவந்த ‘விட்னஸ்’ படத்தை ஹாலிவுட்காரர்கள் எடுத்ததும் அந்த வட்டாரத்தில்தான். சுற்றுலாக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி வேலிக்கு வெளியே நின்று அவர்களைப் பார்க்கிறார்கள், அவர்கள் சுட்ட ரொட்டியை வாங்கித் தின்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள்.

நம் நாட்டில் அப்படித் தனியாக ஒதுங்கி, தனக்கென்று ஒரு மொழி, ஒரு சாமி, ஒரு பள்ளி, ஒரு கடை என்று வாழ்ந்த கூட்டம் எது? எனக்கு உடனே தோன்றியது நம் தமிழர்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டம்தான். மாமனார் பிறந்து வளர்ந்தது ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, மனைவியையும் பிள்ளைகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சிரம்பானிலிருந்து புறப்பட்டோம்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. வாடகை, நல்ல ஹோட்டல் அறைக்குக் குறைவில்லை. தீபகற்பத்தில் டீசலுக்கு 2024 ஜூனில் மானியத்தை எடுத்த பிறகு, டீசல் வண்டி என்றால் கணக்கு இன்னும் கனக்கும். தண்ணீர்த் தொட்டி காலியாகும் வேகம், வீட்டில் பெண்கள் இருந்தால் உங்களுக்கே தெரியும் என்று எழுதியிருப்பேன். உண்மையில் காலி செய்தது என் மகன். இரவில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2022 டிசம்பரில் பத்தாங்காலியில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். சரிவும் ஆற்றங்கரையும் இல்லாத, அனுமதி பெற்ற இடமாகப் பாருங்கள். நாங்கள் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் நிறுத்தினோம். போர்ட்டிக்சனைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

சுங்கை காடுட் தாண்டி ரந்தாவ் சாலை பிடித்தால் இரு பக்கமும் செம்பனை. முதலில் இந்த மண்ணில் காப்பி போட்டார்கள், பிறகு ரப்பர் வந்தது. சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்க 1891-லேயே சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது. லின்சம், சிலியாவ், பிராட்வால், ஆதர்ட்டன் என்று மாமனார் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகளுக்கு அவை தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக மட்டுமே தெரியும். பரிசளிப்பு விழாச் செய்திகளில் படித்திருப்பார்கள்.

வழியில் கம்பத்துக்காரர் ஒருவரின் சிறுதோட்டத்தில் ரப்பர் மரங்கள் இன்னும் நின்றன. வண்டியை நிறுத்தச் சொன்னார். பழைய வெட்டுத் தழும்பின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்துக் காட்டினார். “பட்டைய சீவணும், மரத்த தொடக்கூடாது. காயம் பட்டா அந்த எடத்துல மறுபடி பட்டை ஒழுங்கா வராது. கிராணி பார்த்தா அன்னிக்கு ஏச்சுதான்.” ஏன் இருட்டிலேயே வெட்டப் போக வேண்டும் என்று மகள் கேட்டாள். விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடி நிற்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறையும், ஓட்டம் நின்றுவிடும். இது நான் புத்தகத்தில் படித்தது. மாமனார் சொன்னது வேறு: “வெயில் வந்தா மரமும் சோம்பேறி, மனுசனும் சோம்பேறி.” நான்கரைக்கு எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, நிரைக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா வாளியில் தூக்கி ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு வர மதியம் ஆகிவிடுமாம். அதற்குப் பிறகு ஒட்டுப்பால்.

ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகத் தொடங்கின. நம் நாட்டில் வியாபாரத்துக்கென்று செம்பனைத் தோட்டம் 1917-ல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரத்தில் தொடங்கியது என்றாலும், ரப்பர் விலை சரியச் சரியத்தான் அது நெகிரி செம்பிலானை விழுங்கியது. ரப்பருக்குத் தினமும் மரம் மரமாக ஆள் வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். மிச்ச வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள்.

மாமனாரின் தோட்டத்து நுழைவாயிலில் இரும்புத் தடுப்பு. நேப்பாளி ஜாகா ஒருவர் மலாயில் பணிவாகக் கேட்டார்: அனுமதிக் கடிதம் இருக்கிறதா? ஆபீசில் கேட்டு வாங்கி வர வேண்டும், இன்று ஆபீஸ் மூடியிருக்கிறது. அவர்மேல் தப்பில்லை, செம்பனைக் குலை திருட்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. மாமனார் இறங்கிப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். “நான் பொறந்த எடத்துக்குப் போக எனக்குக் கடுதாசி வேணுமாம்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கிருந்துதான் இந்தக் கட்டுரை சுற்றுலாவை விட்டு விலகுகிறது. ஆசிரியர் குழு மன்னிக்கவும்.

லங்காஸ்டரில் வேலிக்கு வெளியே நிற்பவர் சுற்றுலாக்காரர். வேலிக்கு உள்ளே இருப்பவர் நிலத்தின் சொந்தக்காரர். அமிஷ் குடும்பத்தைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் சமயத்தில் அது ஏற்பில்லை. திருப்பிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, காலடியில் இருப்பது அவர்கள் மண். அங்கே நிலத்தின் விலை ஏறிவிட்டால் சில குடும்பங்களாகச் சேர்ந்து வேறு மாநிலத்துக்குப் போகிறார்கள், போகிற இடத்திலும் முதலில் நிலம் வாங்குகிறார்கள். கார் இல்லாத, கல்லூரி இல்லாத அந்தக் கூட்டம் இன்று 4 லட்சத்தைத் தாண்டிப் பெருகியிருக்கிறது. பழைமை அவர்களைக் காப்பாற்றியது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ பட்டாதான் காப்பாற்றியது என்று படுகிறது.

அமெரிக்கா வரை போக வேண்டாம். ரந்தாவை ஒட்டித்தான் ரெம்பாவ் இருக்கிறது. அங்கே மலாய்க்காரர்களின் ஆடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி முன்னோர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், குலத்தை விட்டு வெளியே விற்க முடியாது. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 1909-ல், அந்த வழக்கத்தைச் சட்டமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஒரே மாநிலம், ஒரே காலம். அந்தப் பக்கம் கிழவிகளின் பெயரில் நிலத்தைப் பூட்டிவைக்கச் சட்டம் வந்தது. இந்தப் பக்கம், 1907-ல் அமைத்த குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் காசு கொடுத்து நம் பாட்டிகளைத் தோட்டத்துக்கு இறக்கினார்கள். பாட்டிக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அதுவும் பெயர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் இருக்கும்வரை.

லயம் வசதியாகவில்லையா என்றால், ஆனது. 1990-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிச் சட்டம் வந்தது, தண்ணீர், மின்சாரம், அறை அளவு எல்லாம் அதில் உண்டு. வீடு யாருக்குச் சொந்தம் என்பது மட்டும் மாறவில்லை. வேலை போனால் வீடு போகும். மூன்று தலைமுறை குடியிருந்தோமே, அதற்கு உரிமை கிடையாதா என்று கேட்பவர்களுக்கு 1965-ன் தேசிய நிலச் சட்டம் 341-வது பிரிவில் பதில் வைத்திருக்கிறது: எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டாக்காரரின் உரிமை அழியாது. 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். நிலம் என்ற சொல்லை நம் ஆட்களின் வாயில் வரவழைத்த பெரிய முயற்சி அது ஒன்றுதான் என்பேன்.

தோட்டத்தை விட்டு வெளியேறியதுதான் நமக்கு விடிவு, கொசுவுக்கும் கள்ளுக்கடைக்கும் நினைவஞ்சலி எதற்கு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் இருக்கிறார்கள், சரி. வெளியேறியவர்கள் எல்லாருமா அப்படி?

ரந்தாவ் டவுன் பக்கம் மலிவு விலை வீடு ஒன்றில் மாமனாரின் பழைய லயத்துப் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தோம். “பசியாறிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டபடியே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பைத் திறந்து மூடினார், மெத்தையை அழுத்திப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை, வீட்டையே ஏத்திக்கிட்டு ஊர் சுத்துறீங்களா? எங்க சட்டி பானைய லோரில ஏத்துனப்ப நாங்க அழுதோம். நீங்க காசு குடுத்து ஏத்திக்கிறீங்க.” பிள்ளைகள் சிரித்தார்கள். மாமனார், “அப்ப சாமி படத்த மடியில வெச்சிக்கிட்டே வந்தியே, ஞாபகம் இருக்கா?” என்றார். அந்த அம்மாவின் மகன் சிரம்பானில் லோரி ஓட்டுகிறார், வாடகை வீடு. அம்மா இருப்பதும் வாடகை வீடு. தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர்.

அவரிடம் தோட்டத்துக் கோயிலைப் பற்றிக் கேட்டேன். வருடத்துக்கு ஒரு முறை திருவிழா, அன்றைக்கு மட்டும் எல்லாரும் வருவார்கள், தடுப்பைத் திறந்துவிடுவார்கள், வெளியூரிலிருந்து காடி காடியாக வந்து இறங்குவார்கள். நிலம்? “அது சாமி நெலம், மாப்பிள்ளை” என்றார் அழுத்தமாக.

சாமி பெயரில் பட்டா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நெகிரி செம்பிலானில் மட்டுமல்ல, நாடு முழுக்கத் தோட்டத்துக் கோயில்களில் பல அந்தக் காலத்துத் துரை வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் நிற்பவை. துரை போய்விட்டார், கம்பெனி கைமாறிவிட்டது. பட்டாவில் இருப்பது இப்போதைய கம்பெனியின் பெயர். தோட்டம் தோட்டமாக இருக்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த வட்டாரம் தோட்டமாகவே இருக்கப் போவதில்லை. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைச் சேர்த்து 1.5 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் வளைக்கும் மலேசியா விஷன் வேலி 2.0 திட்டம் வரைபடமாகிவிட்டது. பக்கத்தில் செண்டாயானில் செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. வீடு வருவது நல்லதுதான். அப்போது கோயில், சுடுகாடு இரண்டும் எங்கே என்று கேட்டால், தாளைத்தான் காட்டச் சொல்வார்கள்.

பள்ளிகளும் இப்படித்தான். 1957-ல் நம் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530-க்கும் குறைவு. எஞ்சியவற்றில் பல, தோட்டத்து நிலத்தில் இருந்ததாலேயே நெடுங்காலம் அரசின் பகுதி உதவிப் பள்ளிகளாகத் தவித்தன. முழு உதவி என்றால் நிலத்தைக் காட்டு என்பார்கள். தப்பித்தவை டவுன் பக்கம் பெயர்ந்தன. தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ப் பெயர் மட்டும் பலகையில் கூடவே வந்தது.

திரும்பும் வழியில் சாலையை ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்று தெரிந்தது. லயமேதான், பூச்சு புதிது. மகள் கைப்பேசியை உயர்த்தினாள். துணி காயவைத்துக்கொண்டிருந்த வங்காளதேச இளைஞர் சட்டென்று உள்ளே போய்விட்டார். நம் தாத்தா இருந்த இடத்தில் இப்போது அவர் இருக்கிறார், அவருக்கும் அந்த வீடு பெர்மிட் முடியும்வரைதான்.

பயணம் நன்றாக இருந்ததா என்றால் இருந்தது. மசாக் லெமாக் காரமும், ஒட்டுக்கடைத் தே தாரிக்கும், பிள்ளைகள் தாத்தாவிடம் கேட்ட கேள்விகளும் ஹோட்டல் அறையில் கிடைத்திருக்காது. விரும்புகிறவர்கள் பெடாஸ் வெந்நீர் ஊற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், தூரமில்லை.

கேம்பர்வேனோ பழைய புரோட்டோன் சாகாவோ, எதில் போனாலும் பெரியவர் ஒருவரை முன்சீட்டில் உட்காரவையுங்கள். தோட்டத்துக்குள் போவதென்றால் முன்கூட்டியே ஆபீசில் அனுமதி கேளுங்கள். வேலை நாளாகப் பார்த்துப் போனால் நில அலுவலகமும் திறந்திருக்கும். கோயில் தலைவரிடம் லாட் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சிறு கட்டணம்தான், கட்டினால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளைக் கோயில் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள்.