மலையும் சந்தையும் – 14: "தொரைக்கு முடியலையாம்!"

வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்கள் கைமாறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வட்டவளை பிளான்டேஷன்ஸ் கம்பனியில் ஒரு காலத்தில் டாடா டீக்கும் பங்கு இருந்தது என்று அதில் எழுதியிருந்தேன். டாடா என்ற பெயரைத் தாண்டிப் போவதற்கு முன் பேசியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் ரத்தன் டாடா மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்று செய்தி கிளம்பியது. அன்றைக்கே அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. வதந்திகள் தன் காதுக்கும் வந்தன, அவற்றில் உண்மை இல்லை, வயதுக்கும் அதையொட்டிய உடல்நிலைக்குமாகப் பரிசோதனைகள் நடக்கின்றன, கவலைப்பட ஒன்றுமில்லை, தவறான தகவலைப் பரப்ப வேண்டாம் என்பது அதன் சாரம். புதன்கிழமை 9ஆம் திகதி இரவு அவர் காலமானார். வயது 86.

மறுநாளே பலர் கேட்டார்கள்: "அப்படியென்றால் திங்கட்கிழமை சொன்னது பொய்தானே?" எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. குழுமத்தின் தாய்க் கம்பனியான டாடா சன்ஸின் தலைமையை அவர் 2012 டிசம்பரிலேயே, 75 வயதில், விட்டுக்கொடுத்தவர். நடுவில் 2016இல் சில மாதங்கள் இடைக்காலத் தலைவராக வந்து போனார். 2017 முதல் குழுமத்தை நடத்துபவர் நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்த ந. சந்திரசேகரன். ரத்தன் டாடா கையில் கடைசிவரை இருந்தது டாடா அறக்கட்டளைகளின் தலைமை. டாடா சன்ஸில் ஏறத்தாழ 66 சதவீதம் அந்த அறக்கட்டளைகளுக்கு உரியது என்பதால் அது சிறிய பொறுப்பு இல்லைதான். ஆனால் அவர் மறைந்த இரண்டாம் நாளே, அக்டோபர் 11இல், நோயல் டாடா அந்த இடத்துக்குத் தெரிவானார். யாருடைய சம்பளமும் தடைப்படவில்லை, எந்தத் தொழிற்சாலையும் நிற்கவில்லை. பிறகு 86 வயது மனிதர் தன் படுக்கையருகே கூட்டம் வேண்டாம் என்று நினைத்ததில் குற்றம் என்ன இருக்கிறது?

அப்பிள் கம்பனியின் கதை வேறு. ஸ்டீவ் ஜொப்ஸுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது 2003 அக்டோபரில் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை 2004இல் முடிந்த பிறகுதான் வெளியே சொன்னார். 2008 ஜூனில் மேடையேறியபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஏதோ சாதாரணக் கிருமித் தொற்று என்றது கம்பனி. அந்த அக்டோபரில், அவருக்கு மாரடைப்பு என்று யாரோ ஒருவர் போட்ட பொய்ச் செய்தியால் பங்கு விலை கொஞ்ச நேரத்துக்குள் மளமளவென்று சரிந்து, மறுப்பு வந்ததும் மீண்டது. 2009 ஜனவரி 5இல் ஹோர்மோன் கோளாறு, சிகிச்சை எளிது என்று அவரே கடிதம் எழுதினார். ஒன்பது நாளில், நினைத்ததைவிடச் சிக்கல் என்று சொல்லி நீண்ட விடுப்பில் போனார். அந்த விடுப்பில் அவருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை நடந்ததை உலகம் ஜூனில்தான் அறிந்தது. 2011 அக்டோபர் 5இல் இறந்தார்.

மறைக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் அப்போது கம்பனியை நடத்திக்கொண்டிருந்தவர். மௌனமாக இருப்பது ஒன்று, ஒன்றுமில்லை என்று ஊரைத் தேற்றுவது வேறொன்று. பேசாமல் இருந்திருந்தால் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானி விஷயத்தில் நோயை யாரும் மறைக்கவில்லை. 1986இல் ஒரு முறை பக்கவாதம் வந்து தேறியவர். 2002 ஜூன் 24இல் மறுபடி விழுந்து, அதே பிரீச் கேண்டியில் கிடந்து ஜூலை 6இல் இறந்தார். பதினைந்து நாள் போல நாடே அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு எது யாருக்கு என்பது மட்டும் தெரியாது. உயில் இல்லை. மகன்கள் முகேஷும் அனிலும் மோதிக்கொண்டு, கடைசியில் தாய் கோகிலாபென் 2005 ஜூனில் பிரித்துக் கொடுக்கும்வரை அந்தப் பூசல் சந்திக்கு வந்து நாறியது.

நம் நாட்டில், டில்மா தேயிலையை உலகத்துக்குக் கொண்டுபோன மெரில் ஜே. பெர்னாண்டோ 2023 ஜூலை 20இல் 93 வயதில் மறைந்தார். கம்பனியின் பொறுப்பு அதற்கு முன்பே மகன் டில்ஹானிடம் போயிருந்தது. பெரிய பரபரப்பு எதுவும் இல்லாமல் அந்த மாற்றம் நடந்தேறியது.

திம்புள்ளைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கும் தொழிலாளிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இங்கே இந்தப் பேச்சு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் வாகனம் விடியற்காலையில் பங்களாவிலிருந்து கண்டிப் பக்கம் போகும். பங்களாச் சமையல்கார அப்பு வாசலில் நிற்கும் தோட்டக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்வார். பத்து மணிக் கொழுந்து நிறுக்கும்போது அது நெஞ்சுவலி. பகல் நிறுவையில் பக்கவாதம். பின்னேரம் பத்தனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் வரும்போது துரையே இல்லை.

"என்னக்கா, தொரைக்கு ரொம்ப முடியலையாமே?"

"எனக்கென்னடி தெரியும்? வர்ற தொரை கிலோவ கூட்டாம இருந்தா சரி."

அந்தப் பதிலில் இருப்பது வம்பு இல்லை, வயிற்றுக் கவலை. ஆள் மாறினால் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பது மாறும். கைக்காசுக்கு வேலை கிடைக்குமா, நிலுவையில் கிடக்கும் ஈ.பி.எஃப். பணம் கட்டப்படுமா என்பதெல்லாம் மாறும். 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, துரைக்கு மேலே கொழும்பில் ஒரு தலைவர், அவருக்கும் மேலே ஒரு குழுமம் என்று ஏணி நீண்டுவிட்டது. உச்சியில் இருப்பவருக்குத் தலைவலி என்றால் கீழே இருப்பவருக்கு ஒழுங்கான சேதி எதுவும் வருவதில்லை. சேதி வராத இடத்தில் வதந்தி குடியேறுவது இயல்பு. அதற்காகத் தொழிலாளியைக் கோள்மூட்டி என்று ஏசுவது அநியாயம்.

இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2023 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. பட்டியலிடப்பட்ட கம்பனியின் முகாமைப் பணிப்பாளரோ தலைமை நிறைவேற்று அதிகாரியோ எந்த 90 நாளிலும் 45 நாளுக்கு மேல் வழக்கம்போல் கடமை பார்க்க முடியாமல் போனால், அதைக் காரணத்தோடு பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். நல்ல விதி. காரணம் என்ற இடத்தில் உடல்நலக் குறைவு என்று எழுதினால் போதும் என்பது என் கருத்து. எந்த உறுப்பு, எத்தனையாவது கட்டம், எந்த மருந்து என்பதெல்லாம் அவருக்கும் அவர் வைத்தியருக்கும் உரியவை. அவர் இடத்தில் யார் கையொப்பம் போடுகிறார் என்பது மட்டும் நமக்கு உரியது.

இந்த அளவுகோலை மேலே இருப்பவருக்கு மட்டும் வைத்தால் போதாது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தை எண்ணிப் பாருங்கள். காலைப் பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்கிறாள். இன்றைக்கு முடியாது என்கிறாள். என்ன முடியாது என்று கேட்கிறார்கள். கங்காணி, கணக்குப்பிள்ளை, கண்டக்டர் ஐயா, சுற்றிலும் அறுபது எழுபது பேர். வயிற்றுவலி என்றால் எந்த மாதிரி வயிற்றுவலி என்று அடுத்த கேள்வி. மாதவிலக்கையும் கருக்கலைந்ததையும் ஆண்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலை. சொல்லாவிட்டால் நடிக்கிறாள் என்ற பேச்சு. பங்களாவில் இருப்பவர் நோயைச் சொல்லாதது கண்ணியம், லயத்தில் இருப்பவள் சொல்லாதது கள்ளம் என்று எந்த நியாயம் சொல்கிறது? ரத்தன் டாடா அன்று கேட்டது ஓர் ஒதுக்கிடம். அவர் கேட்டதில் ஒரு துளி இந்தப் பெண்ணுக்கும் வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். துரையோ கம்பனித் தலைவரோ நீண்ட விடுப்பில் போனால், பொறுப்பில் இருப்பவர் யார் என்று பெரட்டுக்களத்திலும் தொழிற்சாலை வாசலிலும் தமிழில் ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள். சுகமில்லை என்று வரும் தொழிலாளியைக் கூட்டத்தின் நடுவே விசாரிக்காமல் நேரே தோட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வைத்திய உதவியாளர் கொடுக்கும் துண்டில் எத்தனை நாள் ஓய்வு என்று மட்டும் இருக்கட்டும். இரண்டுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாளைக் காலைப் பெரட்டிலேயே தொடங்கலாம்.

(தொடரும்)