திபெத்தியச் சிறுவர் கிராமம்

திபெத்தியச் சிறுவர் கிராமம் என்பது இந்தியாவின் இமாச்சலப் பிரதேச மாநிலத்தில், தர்மசாலா நகருக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் அமைந்துள்ள உறைவிடப் பள்ளியும் குழந்தை வளர்ப்பகமும் ஆகும். திபெத்திய அகதிக் குழந்தைகளுக்காக 1960 மே 17 அன்று 51 குழந்தைகளுடன் ஒரு தற்காலிகக் காப்பகமாக இது தொடங்கப்பட்டது. பின்னர் லடாக் முதல் கருநாடகம் வரை கிளைகளைக் கொண்ட பெரிய கல்வி அமைப்பாக வளர்ந்தது. இதனைப் பலர் அநாதை இல்லம் என்று குறிப்பிடுவதுண்டு. அது முழுமையாகச் சரியன்று. இங்கு வளர்ந்தவர்களுள் பெற்றோரை இழந்தவர்கள் பலர் இருந்தனர். ஆயினும் பெற்றோர் உயிருடன் இருந்தும் அவர்களுடன் வாழ இயலாத குழந்தைகளும் பெருந்தொகையினர். இப்பள்ளியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

பின்னணி

1959 மார்ச் 10 அன்று திபெத்தின் தலைநகரான லாசாவில் சீன ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது. மார்ச் 17 இரவு பதினான்காவது தலாய் லாமா லாசாவிலிருந்து வெளியேறி, அம்மாத இறுதியில் இந்திய எல்லையை அடைந்தார். அவரைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர் இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளுக்கு வந்து சேர்ந்தனர்.

வந்தவர்கள் முதலில் அசாமிலுள்ள மிசாமாரி, மேற்கு வங்காளத்திலுள்ள பக்சா ஆகிய முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், குளிர்ந்த உலர்ந்த காற்றில் வாழ்ந்து பழகிய மக்களுக்குச் சமவெளியின் வெப்பமும் ஈரமும் ஒவ்வவில்லை. காசநோயும் வயிற்றுப்போக்கும் பரவிப் பலர் இறந்தனர். எனவே குளிர்ந்த மலைப்பகுதிகளில் அவர்களுக்கு வேலை தர இந்திய அரசு முடிவு செய்தது. அக்காலத்தில் இமயமலையின் எல்லைப் பகுதிகளில் சாலைகள் மிக வேகமாக அமைக்கப்பட்டு வந்தன. ஆயிரக்கணக்கான திபெத்தியர் அச்சாலைப் பணிகளில் சேர்ந்தனர்.

கணவனும் மனைவியும் ஆகிய இருவருமே கல்லுடைக்கச் சென்றதால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கைக்குழந்தைகள் சாலையோரத்திலோ கூடாரத்திலோ விடப்பட்டனர். பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கும் இடங்களும் மண் சரியும் சரிவுகளுமே சற்று வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்கள். சாலை முன்னேற முன்னேற முகாமும் இடம் மாறியதால் பள்ளி என்பதற்கு இடமே இருக்கவில்லை. சத்துக்குறைவாலும் நோயாலும் குழந்தைகள் இறக்கும் செய்திகள் தலாய் லாமாவுக்குத் தொடர்ந்து எட்டின.

தோற்றம்

தலாய் லாமா 1960 ஏப்ரல் 30 அன்று முசூரியிலிருந்து தர்மசாலாவுக்குக் குடிபெயர்ந்தார். பிரித்தானியர் காலத்தில் கோடை வாழிடமாக இருந்த மேல் தர்மசாலா, 1905 ஆம் ஆண்டு காங்ரா நிலநடுக்கத்தில் பெரும்பாலும் இடிந்துபோன ஊராகும். எஞ்சியிருந்த பழைய பங்களாக்களே அகதிகளுக்கு முதல் புகலிடமாயின. அவர் அங்கு வந்து பதினேழு நாட்களே ஆகியிருந்த நிலையில், சம்மு காசுமீரிலுள்ள சாலை முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் நோயுற்றும் மெலிந்தும் இருந்தனர்.

அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தலாய் லாமாவின் மூத்த சகோதரி செரிங் டோல்மா தாமாக முன்வந்து ஏற்றார். இவர் தலாய் லாமாவைவிட ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் மூத்தவர். 1935 இல் தம்பி பிறந்தபோது தாய்க்குப் பேறு பார்த்தவரும் இவரே. பயிற்சி பெற்ற ஆசிரியரோ செவிலியரோ போதிய அளவில் இல்லாத காலம் அது. கையில் இருந்தவை சில அறைகளும், நன்கொடையாக வந்த துணிகளும் உணவுப் பொருட்களும் மட்டுமே. இவ்விடம் 'திபெத்திய அகதிக் குழந்தைகள் காப்பகம்' என்று அழைக்கப்பட்டது.

இக்காப்பகம் ஒரு நிரந்தரப் பள்ளியாகத் திட்டமிடப்படவில்லை. விரைவில் தாயகம் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது அகதிகளிடையே வலுவாக இருந்தது. குழந்தைகளைச் சிறிது காலம் காப்பாற்றி, எட்டு வயது அளவில் அரசு ஏற்படுத்திய திபெத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்புவதே முதல் ஏற்பாடு. அத்தகைய பள்ளிகளுள் முதலாவது 1960 மார்ச்சில் முசூரியில் தொடங்கியிருந்தது. திபெத்தியக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்பதை அன்றைய இந்தியப் பிரதமர் சவகர்லால் நேரு ஏற்றுக்கொண்டார். எதிர்காலத்தில் உலகத் தொடர்பு மொழியாக ஆங்கிலமே விளங்கும் என்பதால் பாடங்கள் ஆங்கிலத்தில் அமைய வேண்டும் என்பது அவருடைய கருத்தாகும். பள்ளிகளை நடத்த 1961 இல் கல்வி அமைச்சின் கீழ் ஒரு தன்னாட்சி அமைப்பும் நிறுவப்பட்டது.

ஆனால் அனுப்பியவர்களைவிட வந்தவர்கள் அதிகமாயினர். அரசுப் பள்ளிகளும் நிரம்பின. காப்பகத்தில் ஒரே கட்டிலில் பல குழந்தைகள் குறுக்காகப் படுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு அம்மை கண்டால் அறை முழுவதும் பரவிவிடும். இந்நெருக்கடியின்போது பல ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. 1960களின் முதற்பாதியில் ஏறத்தாழ இருநூறு திபெத்தியக் குழந்தைகள் சுவிட்சர்லாந்துக் குடும்பங்களில் வளர்ப்புப் பிள்ளைகளாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர் என்பது பிற்காலத்தில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடே எனினும், தாய்மொழியையும் தாயையும் ஒருங்கே இழந்த பிள்ளைகள் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று.

செரிங் டோல்மா 1964 நவம்பரில் காலமானார்.

ஜெட்சுன் பெமாவின் காலம்

தமக்கையின் மறைவுக்குப் பின் இளைய சகோதரியான ஜெட்சுன் பெமா பொறுப்பேற்றார். 1940 இல் பிறந்த இவர், சிறுமியாக இருந்தபோதே கல்விக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கலிம்போங், டார்ஜிலிங் ஆகிய ஊர்களிலுள்ள கன்னியர் மடப் பள்ளிகளிலும், பின்னர் சுவிட்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் பயின்றவர். பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 24. அவ்வாண்டு முதல் 2006 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவரே இந்நிறுவனத்தின் தலைவராக இருந்தார். மாணவர்கள் அவரை 'அமா-லா', அதாவது 'அம்மா', என்றே அழைத்தனர். 1990 இல் புலம்பெயர் திபெத்திய அரசின் அமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் இவரே.

நாடு திரும்பும் நாள் அண்மையில் இல்லை என்பது தெளிவானபோது, காப்பகத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திரியரான ஹெர்மன் க்மைனர் 1949 இல் இம்ஸ்ட் என்ற ஊரில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. பெரிய விடுதிக் கூடங்களுக்கு மாறாக, ஒரு வளர்ப்புத் தாயின் பொறுப்பில் உடன்பிறந்தோர் போலச் சில குழந்தைகள் ஒரே வீட்டில் வாழ்வதே அம்முறை. (தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இவ்வமைப்பின் கிராமங்கள் உள்ளன.) தர்மசாலாக் காப்பகம் 1972 இல் இப்பன்னாட்டு அமைப்பின் உறுப்பாகி, திபெத்தியச் சிறுவர் கிராமம் என்ற பெயரைப் பெற்றது. அத்துடன் குழந்தைகளை வெளியே அனுப்பும் வழக்கம் மாறி, பள்ளிக் கல்வியை அங்கேயே முடிக்கும் நிலை உருவானது.

வீட்டு அமைப்பு

கிராமத்திலுள்ள ஒவ்வொரு வீடும் திபெத்திய மொழியில் 'கிம்சாங்', அதாவது குடும்பம், எனப்படும். எஸ்.ஓ.எஸ். கிராமங்களில் பொதுவாக ஒரு வீட்டில் பத்துக் குழந்தைகள் அளவில் இருப்பர். இங்கோ முப்பது பேரும் அதற்கு மேற்பட்டோரும் ஒரு வீட்டில் வாழ்ந்தனர். வருவோரைத் திருப்பி அனுப்ப இயலாமையே இதற்குக் காரணம்.

ஒரு தாயால் முப்பது குழந்தைகளை எவ்வாறு கவனிக்க இயலும் என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்கான விடை பிள்ளைகளின் வயதுக் கலப்பில் உள்ளது. மழலையர் முதல் உயர்நிலை மாணவர் வரை ஒரே வீட்டில் வாழ்கின்றனர். மூத்த பிள்ளைகள் இளையோரைக் குளிப்பாட்டி, உடை உடுத்தி, பாடம் சொல்லித் தருவர். சமையல், கூட்டிப் பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் ஆகிய வேலைகள் ஆண் பெண் வேறுபாடின்றி முறைவைத்துப் பகிரப்படுகின்றன. 'தனக்கு முன் பிறர்' என்னும் பொருள்பட அமைந்த பள்ளியின் குறிக்கோள், வகுப்பறையைவிட இவ்வீடுகளிலேயே மிகுதியாகப் பின்பற்றப்படுகிறது எனலாம். எனினும் மிகச் சிறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு தாயின் தனிக் கவனம் போதிய அளவு கிடைக்கவில்லை என்ற குறையும் மறுக்க இயலாதது.

நெருக்கமான விடுதி வாழ்க்கையின் மற்றொரு சிக்கல் காசநோய். முகாம் காலத்திலிருந்தே அகதிச் சமூகத்தை இது விட்டு நீங்கவில்லை. 2017 முதல் இமாச்சலப் பிரதேசத்தின் திபெத்திய உறைவிடப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட சோதனையில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் வெளிப்படாத நிலையிலுள்ள தொற்று கண்டறியப்பட்டு, நோயைத் தடுக்கும் மருந்துகள் வழங்கப்பட்டன.

கிளைகள்

லடாக்கின் லே நகருக்கு அருகிலுள்ள சோக்லம்சரிலும், கருநாடகத்தின் பைலகுப்பேயிலும், இமாச்சலப் பிரதேசத்தின் கோபால்பூர், பத்லிகுல், சுஜா உள்ளிட்ட இடங்களிலும் கிளைகள் தொடங்கப்பட்டன. குடகு செல்லும் பயணிகள் நன்கறிந்த பைலகுப்பே, அன்றைய மைசூர் மாநில அரசு அளித்த நிலத்தில் 1960களின் தொடக்கத்தில் உருவான முதல் பெரிய திபெத்தியக் குடியிருப்பாகும். உயர்கல்விக்காகப் பெங்களூருக்கு அருகில் தலாய் லாமாவின் பெயரில் ஒரு கல்லூரியையும் இவ்வமைப்பு நிறுவியது.

எல்லை கடந்த குழந்தைகள்

1980களில் திபெத்தில் கட்டுப்பாடுகள் ஓரளவு தளர்ந்தபோது, பள்ளியின் வரலாற்றில் எதிர்பாராத ஒரு திருப்பம் நிகழ்ந்தது. திபெத்திலேயே வாழ்ந்த பெற்றோர், திபெத்திய மொழியிலும் பண்பாட்டிலும் கல்வி பெறட்டும் எனத் தம் குழந்தைகளை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினர். வழிகாட்டிகளுக்குப் பணம் கொடுத்து, சிறு குழுக்களுடன் சேர்த்து, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைக்கூட அனுப்பினர். பெரும்பாலோர் 5,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள நங்பா லா கணவாயைப் பனியில் நடந்தே கடந்து நேபாளத்தை அடைந்தனர். பனிக்கடியால் விரல்களை இழந்தவர்களும் உண்டு. பள்ளி வயதைக் கடந்து வந்தவர்களுக்கெனவே 1980களின் நடுப்பகுதியில் சுஜா கிளை உருவாக்கப்பட்டது.

இக்குழந்தைகளுள் பலர் அதன்பின் பெற்றோரைக் காணவே இல்லை. எப்போதாவது கிடைக்கும் தொலைபேசி அழைப்பே உறவாக எஞ்சியது. 1990களின் நடுப்பகுதியில், இந்தியாவில் படிக்கும் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுமாறு திபெத்திலுள்ள அரசு ஊழியர்களுக்குச் சீன அதிகாரிகள் உத்தரவிட்டனர். 2006 செப்டம்பர் 30 அன்று நங்பா லாவைக் கடக்க முயன்ற ஒரு குழுவின்மீது சீன எல்லைக் காவலர் சுட்டதில் பதினேழு வயதுப் பெண் துறவி ஒருவர் இறந்தார். அக்குழுவில் இருந்த சிறுவர்கள் சிலர் பிடிபட்டனர். அருகில் முகாமிட்டிருந்த மலையேறிகள் இதனைப் படம்பிடித்ததால், அதுவரை வெளியுலகம் அறியாதிருந்த அப்பாதை செய்தியாயிற்று.

பயிற்று மொழி

தொடக்க காலத் திபெத்தியப் பள்ளிகளில் திபெத்திய மொழி ஒரு பாடமாக மட்டுமே இருந்தது. பிற பாடங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. மொழியைக் காக்கவே தொடங்கிய பள்ளியில் கணக்கும் அறிவியலும் அம்மொழியில் இல்லை என்ற முரண்பாடு 1980களில் வலுவாக உணரப்பட்டது. எனவே தொடக்க வகுப்புகளில் திபெத்தியமே பயிற்று மொழியாக்கப்பட்டது. இதற்குப் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட வேண்டியிருந்தன. அறிவியல் கலைச்சொற்கள் ஆக்கப்பட வேண்டியிருந்தன. மதநூல் நடையில் வளமான ஒரு மொழியில் ஒளிச்சேர்க்கையைச் சிறுவனுக்கு விளக்குவது எளிய பணியன்று. தமிழில் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனை நன்கு உணர்வர்.

நடைமுறைச் சிக்கல் ஆறாம் வகுப்பில் தோன்றுகிறது. பொதுத் தேர்வு இந்தியாவின் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தினுடையது என்பதால், அங்கிருந்து பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. வேலையும் மேற்படிப்பும் ஆங்கிலத்தைச் சார்ந்திருக்கும்போது தாய்மொழிக் கல்வியை எதுவரை நீட்டிப்பது என்ற விவாதம் ஆசிரியரிடையே தொடர்கிறது.

முன்னாள் மாணவர்கள்

முன்னாள் மாணவர்கள் பலர் அதே கிளைகளில் ஆசிரியராகவும் செவிலியராகவும் திரும்பி வந்து பணியாற்றுகின்றனர். புலம்பெயர் அரசிலும் இவர்கள் பலர் உள்ளனர். ஆங்கிலத்தில் எழுதும் கவிஞரும் செயற்பாட்டாளருமான தென்சின் சுண்டுவே இவ்வமைப்பின் பள்ளிகளில் பயின்று, பின்னர் சென்னை இலயோலாக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இவருடைய பெற்றோரும் இமாச்சலப் பிரதேசத்தில் சாலைப் பணியாளர்களாக இருந்தவர்களே.

2008க்குப் பின்

2008 மார்ச்சில் திபெத்தில் பரவிய போராட்டங்களுக்குப் பின் எல்லைக் காவல் மிகவும் இறுகியது. அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கும் மேல் வந்துகொண்டிருந்த நிலை மாறி, அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆண்டுக்கு நூறு பேர்கூட வராத நிலை ஏற்பட்டது. இந்தியாவிலுள்ள குடியிருப்புகளிலும் பிறப்பு வீதம் குறைந்தது. குடும்பங்கள் பல வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் குடிபெயர்ந்தன. ஒரு காலத்தில் படுக்க இடமின்றி நெருக்கியடித்த வீடுகளில் இடம் காலியாயிற்று. வகுப்புகளும் கிளைகளும் இணைக்கப்பட்டன. லடாக் போன்ற இமயமலைப் பகுதிகளைச் சேர்ந்த, திபெத்தியப் பண்பாட்டோடு உறவுடைய இந்தியக் குழந்தைகளும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர்.