மண் மேட்டுக்கு யார் அனுமதி தருவது?

கோலார் தங்க வயலில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு மேடு தெரியும். பார்க்க மலை போல இருக்கும். ஆனால் அது மலை இல்லை. மனிதர்கள் கொட்டிய மண். ஊரில் இதைச் சயனைடு மேடு என்பார்கள். சினிமாக்காரர்களுக்கு இந்த மேடு மிகவும் பிடிக்கும். பக்கத்து லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. காற்று அடித்தால் சோற்றிலும் மண். காயப்போட்ட துணியிலும் மண்.

இந்த மண் எப்படி வந்தது?

1880-ம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து நம் முன்னோர்கள் வேலைக்கு வந்தார்கள். பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழம் வரை போனார்கள். வெட்டிய பாறையை மேலே கொண்டு வந்து மாவு போல அரைத்தார்கள். சயனைடு கலந்த தண்ணீரில் அந்த மாவைப் போட்டார்கள். தங்கம் அதில் கரையும். பிறகு அதைப் பிரித்து எடுத்தார்கள். மிச்ச மண்ணை வெளியே கொட்டினார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. மேடு போகவில்லை. மொத்தம் 13 மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் மண்.

அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. அந்தக் காலத்து முறையில் முழுதும் எடுக்க முடியவில்லை. இப்போது தங்கம் விலை ஏறிவிட்டது. அதனால் மேட்டு மண்ணை மறுபடி அலசலாம் என்ற பேச்சு பல ஆண்டாக உண்டு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இதற்குச் சம்மதம் சொன்னது. 13 மேடுகளும் சேர்ந்து சுமார் 1,003 ஏக்கர்.

“அப்படியானால் அனுமதி கிடைத்துவிட்டதே!” என்று பலர் நினைத்தார்கள். இல்லை. அது மாநில அரசின் சம்மதம். சுற்றுச்சூழல் அனுமதி என்பது வேறு. பெரிய சுரங்கம், அணை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

1984-ல் போபாலில் விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதன் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1994-ல் ஓர் அறிவிப்பு வந்தது. 2006-ல் அதை மாற்றிப் புது அறிவிப்பு போட்டார்கள். மனு எப்படி நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

மிகப் பெரிய திட்டம் என்றால் மனு டெல்லிக்குப் போகும். அதைவிடச் சிறியது என்றால் மாநிலத்திலேயே பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரு நிபுணர் குழு உண்டு. தண்ணீர், காற்று, காடு, சுரங்கம் பற்றிப் படித்தவர்கள் அதில் இருப்பார்கள். குழு ஆணை போடுவதில்லை. “கொடுக்கலாம்” அல்லது “வேண்டாம்” என்று பரிந்துரை மட்டும் செய்யும். டெல்லியில் அமைச்சகம் ஆணை போடும். மாநிலத்தில் அதற்கென்று ஓர் ஆணையம் இருக்கிறது. பெரும்பாலும் குழு சொன்னதுதான் நடக்கும்.

குழு எதைப் பார்த்து முடிவு செய்கிறது? கம்பெனி கொடுக்கும் அறிக்கையைப் பார்த்து. தூசி எவ்வளவு பறக்கும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், சயனைடு தண்ணீர் எங்கே போகும் என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். அந்த அறிக்கையை எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே கம்பெனிதான். கல்யாணத் தரகரிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இது. குழுவினர் எல்லா ஊருக்கும் நேரில் போவதும் இல்லை. பல ஊர்களை அவர்கள் காகிதத்தில்தான் பார்க்கிறார்கள்.

அதனால்தான் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் முக்கியம். சில வகைத் திட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தக் கூட்டத்தை நடத்தும். டெபுடி கமிஷனரோ அவர் அனுப்பும் பெரிய அதிகாரியோ தலைமை தாங்குவார். 30 நாளுக்கு முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் டெபுடி கமிஷனர் அலுவலகம் போன்ற இடங்களில் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சுருக்கம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தங்க வயலில் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கூட்டத்தில் இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்று விதி இல்லை. பத்தே பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. வராதவர்களின் கேள்வி காகிதத்தில் ஏறாது. பேசுவதை எல்லாம் வீடியோ எடுப்பார்கள். கடைசியில், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதியதைச் சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். தான் சொன்னது அதில் இல்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லலாம். கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

என்ன கேட்கலாம்? வேண்டும், வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மேட்டை வெட்டும்போது தூசியை எப்படி அடக்குவீர்கள்? தண்ணீருக்கே தவிக்கும் ஊரில் அதற்குத் தண்ணீர் ஏது? அலசிய மண்ணை மறுபடி எங்கே கொட்டுவீர்கள்? வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கா, வெளியாட்களுக்கா? மேடு ஒழிந்தால் ஊருக்கு நல்லதுதான். வேலை வந்தால், விடியலில் பெங்களூர் ரயில் பிடிக்கும் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கலாம். ஆனால் பாதி வெட்டிய மேட்டை விட்டுவிட்டுக் கம்பெனி போய்விட்டால்? அதையும் கேட்க வேண்டும்.

கேட்டதைக் குழு தள்ளிவிட்டால்? கோவாவில் ஒரு இரும்புச் சுரங்கத்தில் இப்படி நடந்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மக்களின் எதிர்ப்பை ஏன் ஏற்கவில்லை என்று குழு காரணம் எழுத வேண்டும் என 2009-ல் நீதிமன்றம் சொன்னது. அந்தக் குழுவின் தலைவரே சில சுரங்கக் கம்பெனிகளில் இயக்குநராக இருந்தார். அதையும் நீதிமன்றம் கண்டித்தது.

அனுமதி கொடுத்துவிட்டால் அதை உள்ளூர்ப் பத்திரிகையில் கம்பெனி விளம்பரம் செய்ய வேண்டும். எதிர்க்க விரும்புகிறவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கர்நாடகத்துக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. 30 நாளுக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்குப் பிறகு ஏற்காது.