சிறையும் சித்தமும்

ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கும் வீதிக்குப் பழைய ஜெயில் ரோடு என்று பெயர். சிறை போய் நெடுங்காலம் ஆயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837-ம் வருஷத்தில் எழுந்த மத்திய சிறையின் கதையும் இதுவே. அங்கிருந்த கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009-ல் கட்டடம் இடிக்கப்பட்டது. இன்று அந்த நிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடங்கள் நிற்கின்றன. சிறை இருந்த இடத்துக்கு வைத்தியம் வந்துவிட்டது. சிறைக்குள் வைத்தியம் வந்ததா?

காய்ச்சலுக்கும் காயத்துக்கும் செய்யும் வைத்தியத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. அதற்கு மத்திய சிறைகளில் டாக்டர் உண்டு. குறைகள் இருப்பினும் ஏற்பாடு என்று ஒன்று உண்டு. மனம் உடைந்தவனுக்கு, அறிவு கலங்கியவனுக்கு, உயிரை வெறுத்தவனுக்கு அந்த மதிலுக்குள் கதி யார் என்பதே கேள்வி. வடசென்னைவாசிகளுக்கு இது அயலார் விஷயம் அன்று. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் கைதாகி ரிமாண்டு செய்யப்படும் மனிதர் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் புழல்தான்.

தேசபக்தர் கண்ட சிறை

சிறைவாசம் மனத்தை என்ன செய்யும் என்பதைத் தேசத் தொண்டர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் அது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் உல்லாஸ்கர் தத்தர். பாட்டும் நகைச்சுவையும் நிறைந்த இளைஞர் அவர். தூக்குத் தண்டனையைக் கேட்டபோதும் கலங்காத நெஞ்சு அது. அந்த நெஞ்சையும் அந்தமான் சிறை உடைத்துவிட்டது. வேலை செய்ய மறுத்ததற்காகக் கைவிலங்கிட்டு நிறுத்திவைக்கப்பட்டார். கடும் ஜுரம் கண்டது. 1912-ல் சித்தம் கலங்கினார். பிறகு கடல் கடந்து அவரைக் கொண்டுவந்து அடைத்த இடம் நமது சென்னையின் மனநோய் மருத்துவமனையே. 1920-ல்தான் அவர் விடுதலை பெற்றார். அதே 1912-ல், அதே சிறையில், இந்து பூஷண் ராய் என்னும் இளைஞர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இவர்கள் ஒரு லட்சியத்துக்காகச் சிறை சென்றவர்கள். வெளியே தேசம் தங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற ஆறுதல் இவர்களுக்கு இருந்தது. அத்தகையோரே நிலை குலைந்தார்கள் என்றால், எந்த லட்சியமும் இன்றி, எவர் வாழ்த்தும் இன்றி, ஒரு நாள் இரவின் சச்சரவால் உள்ளே போகும் ஏழைத் தொழிலாளியின் கதி யாது?

முதல் வாரம்

காசிமேட்டு விசைப்படகில் தொழில் செய்யும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருந்து திரும்பிய அலுப்பில் குடிக்கிறார். ஏலம் நடந்த இடத்தில் பங்குப் பணத்தைப் பற்றி வாய்ச்சண்டை, அது கைகலப்பாகிறது, ஒருவருக்கு மண்டை உடைகிறது. விடியுமுன் போலீஸ் நிலையம், மாலையில் மாஜிஸ்டிரேட், இரவில் புழல். பல வருஷங்களாக நாள் தவறாமல் குடித்துப் பழகிய உடலுக்கு அன்றிரவு மது இல்லை.

இதன் பின்விளைவு வைத்திய நூல்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. சில மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் சென்றபின் சிலருக்குப் பிதற்றல் காணும். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். உரிய மருந்து கொடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை அறியாத வார்டர் என்ன நினைப்பார்? ஆசாமி நடிக்கிறான் என்பார். அல்லது முரடன் என்று தனியறையில் தள்ளுவார். மருந்து வேண்டிய இடத்தில் தண்டனை கிடைக்கும்.

உடல் தேறிய பின்னரே மனத்தின் வேதனை ஆரம்பமாகும். மனைவி அரை நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, மனு போட்டுக் காத்திருந்து பார்ப்பது சில நிமிஷம். வாடகை பாக்கி, குழந்தையின் பள்ளிக்கூடம், ஜாமீனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற செய்தி, இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அன்றிரவு அந்த மனிதன் எப்படித் தூங்குவான்? பெண்கள் சிறையிலோ குழந்தையைப் பற்றிய கவலை இதனினும் கொடியது. ஆறு வயது வரைதான் பிள்ளை தாயுடன் உள்ளே இருக்கலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளையை வெளியே யாரிடம் விட்டு வந்தாள் என்பதே அவளுக்குத் தீராத நோய்.

மன வைத்தியர் செய்வது யாது?

இங்கேதான் மன வைத்தியரின் வேலை தொடங்குகிறது. மருந்து எழுதும் மனநோய் டாக்டர், மனோதத்துவ நிபுணர், பேசி ஆற்றுப்படுத்தும் ஆலோசகர் ஆகிய மூவரையும் சேர்த்தே அவ்வாறு சொல்லுகிறோம். கைதி உள்ளே வந்த அன்றே அவனை உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும். குடிப் பழக்கம் உண்டா? முன்பு மனநோய்க்கு மருந்து சாப்பிட்டது உண்டா? அந்த மருந்து இப்போது கையில் இருக்கிறதா? உயிரை விட முயன்றது உண்டா? கேட்பது எளிது, உண்மையான பதில் பெறுவது கடினம். ஏனெனில் சீருடை அணிந்தவர் நடுவே ஒருவன் தன் மனத்தைத் திறந்து காட்டமாட்டான்.

ஆகவே இந்த வைத்தியரின் முதற்கருவி நம்பிக்கையாகும். வாரந்தோறும் அதே நாளில், சொன்ன நேரத்தில் அவர் வரவேண்டும். கைதி அழுதால் அழவிட வேண்டும். குற்றம் செய்தாயா இல்லையா என்ற விசாரணையில் இறங்கலாகாது. அது நீதிபதியின் வேலை. தண்டனை அடைந்தவனாயின், செய்த செயலை மறைக்காமல் தன்னைத்தானே பார்க்கவும், அடுத்த முறை கோபம் வரும்போது கையை அடக்கவும் மெல்லப் பழக்க வேண்டும். இதற்கு வாரங்கள் போதா; மாதங்கள் வேண்டும்.

எத்தனை பேருக்கு இது வேண்டியிருக்கிறது? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் அந்நகரின் மத்திய சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், போதைப் பழக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 79.6 பேரும், அதை நீக்கிப் பார்த்தாலும் 27.6 பேரும் மனநலக் குறை உடையவர்கள் என்று கண்டார்கள்.

எத்தனை வைத்தியர் இருக்கிறார்கள்? 2022-ம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. 500 கைதிகளுக்கு ஒரு மனோதத்துவ நிபுணராவது இருக்க வேண்டும் என்பது 2016-ம் வருஷ மாதிரிச் சிறை விதிகள் வகுத்த அளவு. அக்கணக்கின்படி தேசம் முழுவதற்கும் 1,100-க்கு மேற்பட்டோர் தேவை. 2025-ல் வெளியான இந்திய நீதி அறிக்கை கண்ட தொகை 25. அதாவது ஏறத்தாழ 23,000 கைதிகளுக்கு ஒருவர்! 2022-ல் மட்டும் சிறைகளில் தற்கொலை செய்துகொண்டோர் 119 பேர் என்று சர்க்கார் புள்ளிவிவரமே கூறுகிறது.

குற்றவாளிக்கு இத்தனை உபசாரம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. முதலாவதாக, அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் குற்றம் இன்னும் ருசுவாகவில்லை. இரண்டாவதாக, தண்டனை அடைந்தவனுக்கும் நீதிபதி விதித்தது சுதந்திர இழப்பே அன்றிப் புத்தி இழப்பு அன்று. மூன்றாவதாக, அவன் ஒருநாள் திரும்பி வரப்போவது நமது தெருவுக்குத்தான். தேறி வருவதா, கெட்டு வருவதா நமக்கு நல்லது?

யாருடைய ஊழியர்?

தொகையைக் கூட்டினால் மட்டும் போதாது. சிறையில் வேலை செய்யும் மன வைத்தியர் யாருக்குப் பொறுப்பானவர் என்பது அதனினும் பெரிய கேள்வி. அவருடைய சம்பளமும் இடமாற்றமும் ஜெயில் அதிகாரியின் கையில் இருந்தால், கைதி அவரை இன்னொரு வார்டர் என்றே கருதுவான். இந்தக் கைதி தனிச் சிறையைத் தாங்குவானா என்று அதிகாரி கேட்டு, வைத்தியர் தாங்குவான் என்று எழுதிக் கொடுத்தாரானால், அந்தக் கணமே அவர் வைத்தியர் ஆகார். தண்டனையின் பங்காளி ஆகிவிடுகிறார்.

ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்ட சிறை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லுகின்றன. வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் தரத்திலேயே கைதிக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும். பரிசோதனை ரகசியமாக நடைபெற வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாகத் தரும் தண்டனைகளில் வைத்தியருக்குப் பங்கு இருத்தல் ஆகாது. நார்வேயில் ஊர் சுகாதார இலாகாவே சிறைக்குள் சென்று வைத்தியம் செய்கிறது. இங்கிலாந்தில் 2006-க்குள் சிறை வைத்தியம் முழுவதும் தேசிய சுகாதார இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னைக் கைதிகள் புழலுக்குக் குடிபெயர்ந்ததும் அதே 2006-ல்தான். நாம் கட்டடத்தை மாற்றிய வருஷத்தில் அவர்கள் பொறுப்பை மாற்றினார்கள்.

சட்டம் இருக்கிறது

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல இடமில்லை. மனநோய் கண்ட ஒருவரை, குற்றம் ஏதும் செய்யாதிருக்கச் சிறையில் அடைப்பது சட்ட விரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1993-ல் தீர்ப்பளித்தது. கைதிகளுக்கு, முக்கியமாக முதல் முறை உள்ளே வருவோருக்கு, ஆலோசகர்களை நியமிக்குமாறு 2017-ல் அதே கோர்ட் மாநில சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. அதே வருஷத்தில் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மாநிலத்தில் ஒரு சிறையிலாவது அதன் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைக்க வேண்டும் என்கிறது. சிறை டாக்டர்கள் அனைவருக்கும் மனநல வைத்தியத்தில் அடிப்படைப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. மனநோய் கண்ட கைதி எவரும் சிறையில் இல்லை என்று தெரிவிக்கும் அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல வாரியத்துக்குச் செல்ல வேண்டும். வாரியத்தார் சிறைக்கு நேரில் வந்து பார்க்கலாம்.

அந்த அறிக்கையும் பார்வையும் ஏன் அவசியம்? அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்னும் ஏழை 1951-ல் கைது செய்யப்பட்டார். சித்தம் சரியில்லை என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் அவர் குணமடைந்துவிட்டார் என்று டாக்டர்கள் எழுதினார்கள். விடுதலை செய்வதற்குப் பதிலாக அவரைச் சிறைக்கு மாற்றினார்கள், விசாரணையும் நடக்கவில்லை. 2005-ல், 54 வருஷங்கள் கழித்து, ஒரு ரூபாய் ஜாமீனில் அவர் வெளியே வந்தார். இரண்டே வருஷத்தில் காலமானார். அவரை யாரும் வஞ்சம் தீர்க்கவில்லை. எவரும் விசாரிக்கவில்லை, அவ்வளவே. மறதி ஒரு மனிதனின் ஆயுளை விழுங்கிவிட்டது.

செய்ய வேண்டியவை

முதலாவது, சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் முதல் நாளே மனநலப் பரிசோதனை செய்தல். குடியை நிறுத்தும் உடலுக்கு முதல் வாரம் முழுவதும் டாக்டரின் கண்காணிப்பு. இரண்டாவது, 500 பேருக்கு ஒருவர் என்ற அளவை நிறைவேற்றுதல். அதுவும் நிரந்தர உத்தியோகமாக. ஆறு மாதத்துக்கு ஒரு ஆலோசகர் மாறினால், நம்பிக்கை வளருமுன் அறுந்துவிடும். மூன்றாவது, அவர்களைச் சுகாதார இலாகாவின் கீழ் வைத்தல். நான்காவது, விடுதலையாகும் நாளில் மருந்துச் சீட்டையும், போகவேண்டிய மருத்துவமனையின் பெயரையும் கையில் கொடுத்தல். ராயபுரத்துக்காரனுக்கு ஸ்டான்லி இருக்கிறது; ஜில்லாதோறும் மனநலத் திட்டம் இருக்கிறது; சிறை வாசலுக்கும் அவற்றுக்கும் இடையே வழி காட்டுவோர்தான் இல்லை.

இது சர்க்காரின் கடமை. எனினும் அரசியல் தொண்டர்களின் கடமையும் ஒன்று உண்டு. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது வடசென்னையிலே. தொழிலாளியின் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் குரல் எழுப்பிய பூமி இது. அதே தொழிலாளி புழலுக்குள் போனதும் அவன் நம்மவன் அல்லாமல் போய்விடுவானா? சங்கத்தார், வக்கீல்கள், சட்டசபை அங்கத்தினர்கள், சிறைகளைப் பார்வையிட உரிமை பெற்ற உத்தியோகப் பற்றற்ற பார்வையாளர்கள் ஆகியோர் அடுத்த முறை அங்கே செல்லும்போது சமையற்கட்டைப் பார்த்துச் சோற்றைச் சுவைத்துத் திரும்புவதோடு நில்லாது, மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இங்கே மன வைத்தியர் எத்தனை பேர்? அவர்கள் கைதியோடு பேசும் அறையில் வார்டர் நிற்கிறாரா? மனநல வாரியத்துக்குக் கடைசியாக அறிக்கை சென்ற தேதி யாது?

பதில் திருப்தியாக இருந்தால் பாராட்டுவோம். இல்லையேல் அந்தப் பதிலைப் பொதுமேடையில் எடுத்துச் சொல்வோம். உல்லாஸ்கர் தத்தரின் சித்தம் கலங்கியபோது அன்னிய ஆட்சியை நாம் குற்றம் சாட்டினோம். இன்று சிறையின் சாவி நம் கையில் இருக்கிறது. குற்றம் சாட்ட வேறு ஒருவரும் இல்லை.