தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி

காய்ச்சல் கண்டவனுக்குத் தன் உடம்பு சுடுவது தெரிந்துவிடும். ஆளுமைக் கோளாறு உடையவர்களில் பலருக்கோ, தம் சுபாவத்தில் கோணல் உண்டென்பதே தோன்றாமல், சுற்றியிருப்பவர்கள்தாம் ஓயாமல் தமக்குத் தீங்கிழைக்கிறார்கள் என்ற எண்ணம் மனப்பூர்வமாக வேரூன்றிவிடுகிறது. அத்தகையவரிடம் ஒரு வினாத்தாளை நீட்டி, ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறியிடச் சொல்வது, பிரதிவாதியையே முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இந்தச் சங்கடத்தை மனோதத்துவ நிபுணர்கள் அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவின் மின்னெஸோட்டா சர்வகலாசாலையில் ஹாத்தவேயும் மெக்கின்லியும் 1943-இல் வெளியிட்ட, 500-க்கு மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட ஆளுமைப் பரீட்சையில், தம்மை உத்தமராகக் காட்டிக்கொள்பவரைப் பிடிப்பதற்கென்றே 15 வாக்கியங்கள் இடையிடையே கலந்து வைக்கப்பட்டன. எப்போதாவது கோபம் வருவதுண்டா, பத்திரிகைத் தலையங்கங்களை நாள்தோறும் தவறாமல் படிப்பதுண்டா என்பன போன்ற அற்ப விஷயங்களே அவை. கோபமே வராது, தலையங்கத்தை விட்டதே இல்லை என்று வரிசையாகச் சாதிப்பவர் மற்ற விடைகளையும் அலங்கரித்திருப்பார் என்பது அனுமானம். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவு உவப்பாக இராது!

பொய்யைக் காட்டிலும் பெரிய அபாயம் கணக்கிலே இருக்கிறது. மாஸசூஸெட்ஸிலுள்ள மெக்லீன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மேரி ஸனாரினியும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட வினாத்தாளில், ‘பார்டர்லைன்’ என்னும் ஆளுமைக் கோளாற்றைக் குறித்துப் பத்தே கேள்விகள். நெருங்கிய உறவுகள் சண்டையிலும் பிரிவிலும் அலைக்கழிகின்றனவா, வேண்டுமென்றே உடலைக் காயப்படுத்திக்கொண்டதுண்டா, உள்ளமெல்லாம் வெறுமையாயிருக்கிறதா என்று அவை போகும். ஏழு ‘ஆம்’ சேர்ந்தால் சந்தேகம். அவர்களுடைய பரிசோதனையில் இத்தாள், கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேரைக் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 85 பேரைச் சரியாக விலக்கியது. கேட்பதற்குச் சிலாக்கியமான எண்கள்தாம். ஆனால் வைத்தியத்தை நாடிவராத சாதாரண ஜனங்கள் ஆயிரம் பேரில் 20 பேருக்கு இக்கோளாறு இருப்பதாக வைத்துக்கொண்டு பார்த்தால், தாள் பிடிப்பது அந்த இருபதில் 16 பேரை. கோளாறே இல்லாத 980 பேரிலோ 147 பேரையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. சந்தேகத்துக்கு ஆளான பத்துப் பேரில் ஒன்பது பேர் நிரபராதிகள்!

மேலும், மனச்சோர்வில் ஆழ்ந்திருப்பவர் வெறுமை உண்டா என்றால் ‘ஆம்’ என்றுதான் சொல்வார். அது சில மாதத்து வேதனையா, இளமை தொட்டு நிலைத்துவிட்ட சுபாவமா என்பதை, எதிரில் அமர்ந்து நிதானமாக விசாரிக்கும் வைத்தியரும், கூடவே வாழ்ந்து பார்த்த குடும்பத்தாரின் சொல்லுமே தெளிவுபடுத்த முடியும். யாரை அவ்வாறு விசாரிக்க வேண்டும் என்று காட்டுவதோடு வினாத்தாளின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஆகையால், எங்கோ கிடைத்த தாளில் ஏழு ‘ஆம்’ விழுந்துவிட்ட வாசகர், தமக்குத் தாமே வியாதியின் பெயர் சூட்டிக்கொள்ளாமல், அந்தத் தாளையே கையிலெடுத்துக்கொண்டு ஒரு மனநல வைத்தியரைப் பார்ப்பாராக.