ஒரே கல்லில் மாங்காய், பறவை, ஈ!

"நேத்து எங்க தோட்டத்துக்கு சிங்கம் வந்துச்சுடா" என்று உங்கள் நண்பன் அளக்கிறான். "யாருக்குடா காது குத்தறே?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவன் கையில் ஊசியே இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. 'அளக்கிறான்' என்றோமே, அவனிடம் படியும் இல்லை, அரிசியும் இல்லை!

தனித்தனிச் சொல்லாகப் பார்த்தால் ஒரு பொருள், சேர்த்துப் பார்த்தால் வேறு பொருள். இதைத்தான் மரபுத்தொடர் என்கிறோம். ஆங்கிலத்தில் 'இடியம்' என்பார்கள்.

ஊருக்கு ஒரு படம்

ஒரே முயற்சியில் இரண்டு பலன் கிடைத்தால், நாம் 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்போம். மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆங்கிலேயர்களோ அதே கல்லால் இரண்டு பறவைகளை அடிக்கிறார்கள். நெதர்லாந்து நாட்டின் டச்சு மொழியில் கல்லே இல்லை. 'ஒரே அடியில் இரண்டு ஈ' என்கிறார்கள்!

பொருட்கள் கொட்டிக் கிடக்கும் இடத்துக்கே அதைக் கொண்டுபோவது வீண் வேலை. அதை ஆங்கிலத்தில் 'நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பது' என்பார்கள். நியூகாசில், நிலக்கரி ஏற்றுமதிக்குப் புகழ்பெற்றிருந்த இங்கிலாந்து நகரம். டச்சுக்காரர்கள் 'கடலுக்குத் தண்ணீர் சுமப்பது' என்பார்கள். நாம், 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்போம். 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்றும் கேட்போம். அப்படியானால், 'நாமக்கல்லுக்கே முட்டையா?' என்றும் கேட்கலாம்தானே!

காலம் கடந்தபின் விழித்துக்கொள்வதற்கும் இப்படித்தான். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிறது ஆங்கிலம். கன்று விழுந்து இறந்த பிறகு கிணற்றை மூடுகிறது டச்சு. நமக்கோ, 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!'

பழமொழி ஓவியம்

பீட்டர் புரூகல் என்ற ஓவியர் 1559-ல் ஒரு வேடிக்கை செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட டச்சுப் பழமொழிகளை, சொல்லுக்குச் சொல் அப்படியே ஒரே ஓவியத்தில் வரைந்துவிட்டார். ஒருவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், கன்று இறந்த பிறகு கிணற்றை மூடிக்கொண்டிருக்கிறார். பைத்தியக்கார ஊர் போலத் தோன்றும்! ஜெர்மனியின் பெர்லின் நகர அருங்காட்சியகத்தில் இந்த ஓவியம் இருக்கிறது.

துட்டு எங்கிருந்து வந்தது?

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. 17-ம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்தவர்கள். அவர்களுடைய சிறு செப்புக்காசின் பெயர்தான் நம் வாயில் 'துட்டு' ஆயிற்று. இன்றும் அவர்கள் மொழியில் 'பையில் ஒரு துட்டு போடுவது' என்றால், பேச்சின் நடுவே நம் கருத்தையும் சொல்வது என்று பொருள்.

'மேலே கொடு' என்றால் என்ன?

இடியத்தைவிட நம்மை அதிகம் மிரட்டுவது, இரண்டு குட்டிச் சொற்கள் சேர்ந்த ஆங்கில வினைகள். 'பிரேசல் வெர்ப்' என்று ஆசிரியர் சொல்வாரே, அதுதான். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றால் 'மேலே கொடு' இல்லை, முயற்சியைக் கைவிடு! 'லுக்' என்றால் பார். 'ஆஃப்டர்' என்றால் பின்னால். ஆனால் 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்.

ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடிவிட்டு, 'இங்கிலீஷ் நமக்கு வராது' என்று மூடி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். தமிழிலும் இதே கதைதான்!

"தம்பியைப் பாத்துக்கோ கண்ணு" என்று அம்மா சொன்னால், நாள் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவீர்களா? போட்டியைத் 'தள்ளிப்போட்டார்கள்' என்றால், எதையாவது தள்ளினார்களா, கீழே போட்டார்களா? அதுதான் ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்'. 'கண்டுபிடி' என்பதில் காண்பதும் பிடிப்பதும் இருக்கின்றன. 'கைவிடு' என்பதில் கையும் இருக்கிறது! இவற்றையெல்லாம் மூன்று நான்கு வயதிலேயே, அகராதி இல்லாமல் கற்றுக்கொண்டவர்கள் நீங்கள்.

டச்சுக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆங்கிலமும் டச்சும் உறவு மொழிகள். டச்சிலும் 'மேலே' என்ற சொல்லையும் 'கொடு' என்ற சொல்லையும் சேர்த்தால் 'கைவிடு' என்றே பொருள். ஆனால் 'லுக் ஆஃப்டர்' அவர்களுக்கும் புதுசுதான். அவர்களும் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

எளிய வழி

* சொற்களைப் பிரிக்காதீர்கள். 'லுக் ஆஃப்டர்' என்று சேர்த்தே ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* அகராதியில் 'லுக்' என்ற சொல்லின் விளக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். பெரும்பாலும் முடிவில்தான் இந்தக் கூட்டுச் சொற்கள் இருக்கும்.
* பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதி, உங்கள் வீட்டைப் பற்றியே ஒரு வாக்கியம் அமையுங்கள். 'பாட்டி ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்கிறார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், பிறகு மறக்காது.

தெரியுமா?

தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தில் கொண்டுபோக ஆசைப்பட்டவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய இவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874-ல் வெளியிட்டார்.

நீங்களும் புரூகல் ஆகலாமே! 'காது குத்துவது', 'கம்பி நீட்டுவது', 'கூரை ஏறிக் கோழி பிடிப்பது'... இவற்றை அப்படியே படமாக வரையுங்கள். எந்த மரபுத்தொடர் என்று வகுப்பில் நண்பர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்கிறவர்களுக்கு... சேலத்து மாம்பழம்தான் பரிசு!