சத்தம் வராத கீபோர்டு! மிடி கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவு செய்வது எப்படி?

"தம்பி, புதுசா வாங்கின கீபோர்டுல சத்தமே வரலடா. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுத்தா பணம் வாபஸ்னு சொல்றாங்க. கொடுத்துடட்டுமா?"

சேத்தியாத்தோப்பிலிருந்து சித்தப்பா போன் செய்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மார்கழி பஜனைக்கு முப்பது வருடத்துக்கும் மேலாக ஆர்மோனியம் வாசிப்பவர். சிதம்பரத்தில் இருக்கும் பேத்தி பாட்டு கற்றுக்கொள்கிறாள். சனி, ஞாயிறில் தாத்தா வீட்டுக்கு வந்தால்தான் அவளுக்கு ஆர்மோனியத் துணை கிடைக்கும். மற்ற நாட்களிலும் அவள் கூடப் பாட, தன் வாசிப்பைப் பதிந்து கொடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. அதற்காகவே சேமிப்பில் ஒரு கம்ப்யூட்டரும் மிடி கீபோர்டும் வாங்கியிருந்தார். விரல் மூட்டு வலி வேறு. "விரல் மடங்கும்போதே பதிஞ்சு வச்சிடணும்டா" என்றார்.

"திருப்பிக் கொடுத்துடாதீங்க சித்தப்பா, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வரேன்" என்றேன். கீபோர்டில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த சனிக்கிழமை நாங்கள் செய்ததை உங்களுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறேன்.

மிடி கீபோர்டில் ஏன் சத்தம் வருவதில்லை?

கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்கிறீர்கள். 'அ' என்ற கீயைத் தட்டினால் அந்தக் கீயிலிருந்து மையா வருகிறது? "இந்தக் கீ தட்டப்பட்டது" என்ற செய்திதான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. எழுத்தைத் திரையில் வரைவது சாப்ட்வேர். அதே எழுத்தைப் பிறகு வேறு ஃபான்ட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

மிடி கீபோர்டும் அப்படித்தான். எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்தியை மட்டும் அது அனுப்புகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. நடு ஸ்தாயி 'சி' கட்டையின் எண் 60. அழுத்தும் வேகத்துக்கு வெலாசிட்டி என்று பெயர், அதற்கும் 127 வரை எண். ஒலியை உருவாக்குவது கம்ப்யூட்டரில் உள்ள இசைக்கருவி சாப்ட்வேர். அது இல்லாவிட்டால் கீபோர்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மௌனம்தான்.

மிடி என்பது 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்பதன் சுருக்கம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலிக்கும்படி செய்து காட்டினார்கள். இதற்கு வழிவகுத்த டேவ் ஸ்மித், இக்குத்தாரோ காக்கெஹாஷி இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. 1992-ல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர். ரஹ்மான் அறிமுகமானபோது, கம்ப்யூட்டரும் கீபோர்டுகளும் கொண்ட கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டூடியோ பற்றித் தமிழ்நாடே பேசியது. அந்த வசதியின் எளிய வடிவம் இன்று நம் மேஜைக்கு வந்திருக்கிறது. மிடி 2.0 என்ற புதிய பதிப்பு 2020-ல் வெளியானாலும், 1983-ன் அடிப்படை முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

வாங்கும் முன் கவனியுங்கள்

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஸ்பீக்கர் உள்ள எலெக்ட்ரானிக் கீபோர்டு இருக்கிறதா? அதன் பின்புறம் 'யுஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதிய துளை இருந்தால் அதையே மிடி கீபோர்டாகப் பயன்படுத்தலாம். பழைய மாடல்களில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான 'மிடி அவுட்' இருக்கும். அதற்கு யுஎஸ்பி மிடி கேபிள் ஒன்று வாங்கினால் போதும். கீபோர்டின் 'அவுட்' கேபிளின் 'இன்' பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் 25, 49, 61, 88 கட்டைகள் எனப் பல அளவுகள் உண்டு. 25 கட்டை என்றால் இரண்டு ஸ்தாயிதான். இரண்டு கையாலும் வாசிப்பவர்கள் 49 அல்லது 61 பாருங்கள். இன்றைய யுஎஸ்பி மிடி கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, மின்சாரமும் யுஎஸ்பி வழியாகவே கிடைத்துவிடும்.

இன்ஸ்டால் செய்வோம்

பதிவு செய்ய நாங்கள் எடுத்துக்கொண்டது ரீப்பர் என்ற சாப்ட்வேர். இதை 60 நாட்கள் பணம் கட்டாமல் சோதித்துப் பார்க்கலாம், பிறகு உரிமம் வாங்க வேண்டும். முழுவதும் இலவசம் வேண்டுமானால் எல்எம்எம்எஸ் இருக்கிறது. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் ரீப்பரை அமைக்கும் வழி இதோ:

1. முதலில் கீபோர்டை யுஎஸ்பி கேபிளால் இணைத்துவிடுங்கள். அதன் பிறகு ரீப்பரைத் திறங்கள். வரிசை மாறினால் கீபோர்டு பட்டியலில் வராமல் போகலாம்.

2. ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் கிளிக் செய்யுங்கள். இடப்பக்கப் பட்டியலில் மிடி பிரிவுக்குச் சென்றால் உங்கள் கீபோர்டின் பெயர் தெரியும். அதை எனேபிள் செய்து ஓகே கொடுங்கள்.

3. கன்ட்ரோல் கீயுடன் டி அழுத்துங்கள். புதிய டிராக் ஒன்று கிடைக்கும். அதில் உள்ள சிவப்பு வட்டப் பட்டனைக் கிளிக் செய்தால் டிராக் பதிவுக்குத் தயாராகும்.

4. அந்த டிராக்கின் இன்புட் இடத்தில் மிடி, ஆல் மிடி இன்புட்ஸ், ஆல் சேனல்ஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

5. டிராக்கில் உள்ள எஃப்எக்ஸ் பட்டனைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் ரீசிந்த் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது ரீப்பருடனேயே வரும் எளிய இசைக்கருவி.

இப்போது ஒரு கட்டையை அழுத்துங்கள். ஒலி வர வேண்டும். சித்தப்பா 'ச' வாசித்தார். ஸ்பீக்கரில் 'பீ...' என்று ஒரு ஒலி. "விசில் மாதிரி இருக்கேடா!" என்றார். ஆனாலும் முகத்தில் நிம்மதி.

நல்ல பியானோ வேண்டுமானால் ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயரை இன்ஸ்டால் செய்து, சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்ற இலவச ஒலித் தொகுப்பை அதில் திறக்கலாம். உண்மையான யமஹா பியானோவில் பதிவு செய்யப்பட்ட ஒலிகள் அவை. பலவகை சிந்தசைசர் ஒலிகளுக்கு சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சாப்ட்வேர் உண்டு.

கீபோர்டு இன்னும் வாங்காதவர்கள் ரீப்பரின் வியூ மெனுவில் விர்ச்சுவல் மிடி கீபோர்டைத் திறந்து, கம்ப்யூட்டர் கீபோர்டிலேயே வாசித்துப் பழகலாம். பிடித்தால் பிறகு செலவு செய்யுங்கள்.

ஒலி வரவில்லையா?

பதறாமல் டிராக்கின் ஒலி அளவு மீட்டரைப் பாருங்கள். கட்டையை அழுத்தும்போது மீட்டர் அசையவே இல்லை என்றால் கீபோர்டின் செய்தி வந்து சேரவில்லை. கேபிளையும், மேலே சொன்ன 2, 3, 4 படிகளையும் சரிபாருங்கள். சில யுஎஸ்பி கேபிள்கள் செல்போன் சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும், செய்தியைக் கடத்தாது. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மீட்டர் அசைகிறது, ஆனால் ஒலி இல்லை என்றால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. இசைக்கருவியைச் சேர்த்தீர்களா, ஸ்பீக்கர் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். இசைக்கருவி சேர்க்காமலே மூன்று நாள் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்!

ஒலி தாமதமாக வருகிறதா?

அடுத்த பிரச்சினை உடனே வந்தது. கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்தே ஒலி கேட்டது. இதற்கு லேட்டன்சி என்று பெயர். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பொட்டலம் பெரிதானால் காத்திருக்கும் நேரமும் அதிகம். ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில், பொட்டலத்தில் 1,024 சாம்பிள் இருந்தால் சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம். 256 என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட். இதற்கு மேல் டிரைவரின் தாமதமும் சேரும். காற்றில் ஒலி 10 மில்லிசெகண்டில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். அதாவது 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரை அறையின் அந்தக் கோடியில் வைத்துக் கேட்பது போலத்தான். அதைக் கை பழகிக்கொள்ளும். அது பல மடங்காகும்போதுதான் தாளம் தடுமாறும்.

விண்டோஸில் இதைக் குறைக்க ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். ரீப்பரின் பிரிஃபரன்சஸில் ஆடியோ, டிவைஸ் பகுதிக்குச் சென்று ஏசியோவைத் தேர்வு செய்து, பஃபர் அளவை 256 என வையுங்கள். ஒலியில் 'கரகர' சத்தம் வந்தால் 512 ஆக்குங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த டிரைவரை ரீப்பர் பயன்படுத்தும்போது யூடியூப் போன்ற மற்றவற்றில் ஒலி வராமல் போகலாம். ரீப்பரை மூடினால் சரியாகிவிடும்.

ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது தன் பங்குக்கு நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் தாமதம் சேர்க்கலாம். ஒயர் உள்ள சாதாரண ஹெட்போனே போதும்.

ஆர்மோனியக் கை, பியானோக் கட்டை

பியானோ ஒலியில் சித்தப்பா வாசித்தபோது ஒரு ஸ்வரம் பெரிதாகவும் அடுத்தது சன்னமாகவும் கேட்டது. "கை போயிடுச்சுடா" என்று வருத்தப்பட்டார். கையில் குறையில்லை. ஆர்மோனியத்தில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது துருத்தி, கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒன்றுதான். மிடி கீபோர்டிலோ அழுத்தும் வேகமே அளவு. கீபோர்டின் அமைப்பில் வெலாசிட்டி கர்வ் என்ற இடத்தில் 'ஃபிக்ஸ்டு' என மாற்றி, ஆர்கன் போல நீண்டு ஒலிக்கும் ஒலியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்.

கமகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்வரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்ல முடியாது என்பதை ஒரு குறையாகச் சொல்லியே 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அது 1971-ல்தான் தளர்ந்தது. மிடி கீபோர்டின் இடப்பக்கம் பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் அதைத் திருப்பி ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கலாம். ஆனால் பழக நாளாகும்.

பதிவும் சுருதியும்

கன்ட்ரோல் கீயுடன் ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். ஸ்பேஸ் பார் தட்டினால் நிற்கும். சித்தப்பா ஒரு கட்டை சுருதியில் வாசித்து முடித்தார். பேத்தி பாடுவது ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியமாக இருந்தால் வேறு விரல் அமைப்பில் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இங்கே பதிந்த பகுதியை டபுள் கிளிக் செய்து, கன்ட்ரோல் ஏ கொடுத்து எல்லா ஸ்வரங்களையும் தேர்ந்தெடுத்து, மவுஸால் எட்டு அரை ஸ்வரம் மேலே இழுத்தேன். அவ்வளவுதான். பதிவானது ஒலி அல்ல, விரல் செய்த வேலைதான் என்பதால் ஒலியின் தரம் கெடவில்லை. வேகத்தையும் இதே போலக் குறைக்கலாம், கூட்டலாம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தாளத்தைச் சீர் செய்கிறேன் என்று குவான்டைஸ் கொடுத்தேன். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்ததால் ஸ்வரங்கள் தவறான இடங்களில் போய் உட்கார்ந்தன. கேட்ட சித்தப்பா, "இது நான் வாசிச்சது இல்லையே" என்றார். கன்ட்ரோல் இசட் தட்டிப் பழையபடி கொண்டு வந்தேன். அவருடைய இழுப்பும் நிறுத்தமும்தானே பேத்திக்கு வேண்டும்!

சேமிக்க மறவாதீர்கள்

பக்கத்து நெய்வேலியில்தான் மின்சாரம் உற்பத்தியாகிறது, ஆனாலும் மூன்றாவது பாட்டின் நடுவே வீட்டில் கரண்ட் போய்விட்டது. சேமிக்காததால் அந்தப் பாட்டு போயிற்று. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் கொடுங்கள். முடிந்தால் யுபிஎஸ் வாங்குங்கள்.

மற்றவர்களுக்குக் கொடுக்க, ஃபைல் மெனுவில் ரெண்டர் தேர்வு செய்து எம்பி3 ஆக மாற்றுங்கள். வேவ் ஃபைலாக மாற்றினால் நிமிடத்துக்கு சுமார் 10 எம்பி ஆகும். ஆனால் ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைலை அழித்துவிடாதீர்கள். நாளை பேத்தியின் குரல் மாறினால் சுருதியை மாற்ற உதவுவது அதுதான். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள்.

ஞாயிறு மாலைக்குள் ஐந்து பாட்டுகள் தயாராகிவிட்டன. கீபோர்டு கடைக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தப் புதன்கிழமை சிதம்பரத்திலிருந்து பேத்தி போன் செய்து, தாத்தாவின் வாசிப்புக்கு ஏற்பப் பாடிக் காட்டினாளாம். "நான் இங்க சாப்பிட்டுட்டிருக்கேன், அங்க என் விரல் வாசிச்சிட்டிருக்குடா" என்று சித்தப்பா சொல்லிச் சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ, அத்தையோ, அக்காவோ வாசிப்பவர்கள் இருப்பார்கள். இந்த வாரமே உட்கார வைத்துப் பதிந்துவிடுங்கள்.